வாடைக் காற்றும் குக்கீ டப்பாவும்

பண்டிகைக்குக் கையால் சுட்ட குக்கீயைப் பரிசாகக் கொடுப்பது பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எங்கள் ராமநாதபுரம் கரையிலிருந்தே வந்திருக்கின்றன. அதனால் இந்த மாதப் பக்கங்களை முழுக்க அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். நான் பாம்பனில் பிறந்தவள், தங்கச்சிமடத்தில் வாழ்க்கைப்பட்டவள். 22 வருஷமாக டிசம்பர் தோறும் பிஸ்கட் சுட்டுத் தெருவுக்குக் கொடுத்து வருகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் காற்றிலும் இந்த ஈரத்திலும் கற்றுக்கொண்டதுதான். மதுரைப் பக்கத்து வாசகிகளுக்கு இதில் பாதிக் கஷ்டம் இருக்காது.

கேள்வி: அக்கா, போன கிறிஸ்துமஸுக்கு முதல்முறையாக ராயல் ஐசிங் போட்டு நட்சத்திர குக்கீ செய்தேன். இரவெல்லாம் காய வைத்தும் விரல் வைத்தால் ஒட்டியது. டப்பாவில் அடுக்கியதும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, சிவப்பு வெள்ளையில் இறங்கிவிட்டது. மாமியார் வீட்டில் டப்பாவைத் திறந்தபோது அழுகையே வந்தது. பிஸ்கட்டும் நமத்திருந்தது. எங்கே தவறு செய்தேன்?
— வாசகி, ராமேஸ்வரம்

பதில்: தங்கச்சி, தவறு உங்கள் கையில் இல்லை, காய வைத்த நேரத்தில் இருக்கிறது. ராயல் ஐசிங் என்பது முட்டை வெள்ளையும் பொடித்த சர்க்கரையும்தான். அதிலுள்ள தண்ணீர் காற்றில் போனால்தான் ஓடு மாதிரி இறுகும். வாடைக் காலத்தில் நம் கரையில் காற்றே தண்ணீரைச் சுமந்துகொண்டு வருகிறது. பொழுது சாய்ந்தால் ஈரம் இன்னும் ஏறும். மார்கழி இரவில் கொடியில் போட்ட துணி காய்கிறதா? அப்படித்தான் இதுவும். சர்க்கரைக்கு ஈரத்தை இழுக்கும் குணம் வேறு. நீங்கள் காய வைத்ததாக நினைத்த நேரமெல்லாம் அது ஈரம் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

எனக்கும் இது நடந்தது. 2009 டிசம்பரில் கோயில் பாடகர் குழுப் பிள்ளைகளுக்காக 80 குக்கீ செய்தேன். கடல் காற்று பட்டால் சீக்கிரம் காயும் என்று நினைத்து, ராத்திரி ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் ஒவ்வொன்றின் மேலும் வியர்த்த மாதிரி பொட்டுப் பொட்டாக நீர். சிவப்புக் கோடெல்லாம் கரைந்து நின்றது. ஐசிங்கைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் பிஸ்கட்டாகத்தான் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அந்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. அதற்கப்புறம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டேன்.

முதலில் பிஸ்கட். 300 கிராம் மைதா, 200 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 100 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. மூன்று, இரண்டு, ஒன்று என்று நினைவு வைத்துக்கொண்டால் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கணக்கு வரும். பேக்கிங் பவுடர் வேண்டாம். போட்டால் உப்பிப் பரவி, நட்சத்திரத்தின் முனையெல்லாம் மழுங்கும். வெண்ணெயில் மட்டும் கை வைக்காதீர்கள். விலை அதிகம் என்று பாதிக்கு வனஸ்பதி போட்டால் வாயில் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். அதைவிட எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு வீட்டுக்கு ஆறு குக்கீ மட்டும் கொடுங்கள்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மைதாவைச் சேர்த்ததும் அதிகம் பிசையாமல் உருட்டி, அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். நம் ஊரில் டிசம்பரில்கூட அடுப்படியில் வெண்ணெய் இளகிவிடும். அப்புறம் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வெட்டி, வெட்டியதை ட்ரேயோடு மறுபடி ஒரு கால் மணி நேரம் குளிர வையுங்கள். பல புத்தகங்களில் 180 டிகிரியில் 10 நிமிஷம் என்று போட்டிருக்கும். நான் 160 டிகிரியில் 16 முதல் 18 நிமிஷம் வைக்கிறேன். சூடு குறைவாக, நேரம் கூடுதலாக வைத்தால் நிறம் கறுக்காமல் உள்ளே இருக்கும் ஈரமும் போகும். நம் காற்றுக்கு அது முக்கியம். ஓரம் பொன்னிறமாகி, அடிப்பக்கமும் அதே நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். வெளிறிய பிஸ்கட் மறுநாளே நமத்துப் போகும்.

இனி ஐசிங். ஒரு முட்டை வெள்ளைக்குச் சலித்த ஐசிங் சுகர் ஏறக்குறைய 200 கிராம், சில சொட்டு எலுமிச்சைச் சாறு. வீட்டிலேயே சர்க்கரை பொடிப்பதானால் 200 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமாவு (கார்ன்ஃப்ளார்) சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் சலியுங்கள். சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டுக்குப் பச்சை முட்டை வேண்டாம். கேக் சாமான் விற்கும் கடையில் மெரிங் பவுடர் என்கிற பதப்படுத்திய முட்டை வெள்ளைப் பொடி கிடைக்கும், அதைத் தண்ணீரில் கரைத்து அடித்துக்கொள்ளுங்கள். கரண்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டால் அது பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் மறைய வேண்டும். அந்தப் பதம் உள்ளே நிரப்புவதற்கு. ஓரக்கோடு போடுவதற்கு இன்னும் கெட்டியாக வேண்டும்.

நேரம்தான் உயிர். காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் ஐசிங் வேலையை முடியுங்கள். மழை பெய்கிற நாளில் தொடவே தொடாதீர்கள். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, மின்விசிறியை நேராக ட்ரேயின் மேல் படும்படி வையுங்கள். ஏசி இருக்கிற அறை கிடைத்தால் அதுவே போதும், ஏசி ஈரத்தை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். என்னிடம் ஏசி இல்லை. ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவனை இருப்பதிலேயே குறைந்த சூட்டில் வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தபடி 20 நிமிஷம் உள்ளே வைப்பேன். மேலே தோல் கட்டிவிடும், அப்புறம் விசிறி பார்த்துக்கொள்ளும். வெள்ளை முழுக்க இறுகிய பிறகே சிவப்பைத் தொடுங்கள். சிவப்பும் நீலமும்தான் அதிகம் இறங்குகிறவை. தண்ணீராக இருக்கும் கலரைவிடக் கெட்டியான ஜெல் கலர் நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குக்கீ முழுக்க ஐசிங்கை நிரப்ப வேண்டும் என்று சட்டமில்லை. ஓரத்தில் ஒரு கோடு, நடுவில் நாலு புள்ளி போதும். ஐசிங் குறைந்தால் ஈரமும் குறையும், பல்லுக்கும் இதம், வெண்ணெய் ருசியும் தெரியும். நான் இப்போதெல்லாம் கோடும் புள்ளியும் மட்டும்தான் போடுகிறேன். கோல மாவு இழுத்துப் பழகிய கைக்கு அது தானாக வரும்.

ஐசிங் போட்டதைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் அதன்மேல் நீர் கோத்துக்கொள்ளும். கொடுக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 24ஆம் தேதி கொடுப்பதானால் 21 அன்று சுட்டு எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, 22 அன்று ஐசிங், மழை வந்தால் 23. ஐசிங் போடுமுன் பிஸ்கட் லேசாக நமத்திருந்தால் 150 டிகிரியில் ஐந்தாறு நிமிஷம் வைத்து, முழுக்க ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். ஐசிங் போட்ட பிறகு அந்த வைத்தியம் நடக்காது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது, கேஸ் அடுப்புதான். பிள்ளைகள் பள்ளிக்கூட டீச்சருக்குக் குக்கீ கொடுக்க ஆசைப்படுகிறார்கள். குக்கரில் முடியுமா?
— வாசகி, வாலிநோக்கம்

பதில்: முடியும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரம் தீவில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அன்றைக்கு வெட்டி வைத்த குக்கீயோடு மின்சாரம் இல்லாமல் நின்றேன். அத்தனையையும் பழைய அலுமினியக் குக்கரில்தான் சுட்டு எடுத்தேன். ருசியில் குறை சொல்ல முடியவில்லை.

புதுக் குக்கரை எடுக்காதீர்கள், தண்ணீர் இல்லாமல் சூடேறினால் கெட்டுவிடும். பழையதில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கல் உப்பைப் பரப்புங்கள். உப்பளம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. புது உப்பில் ஈரம் இருந்தால் சூட்டில் படபடவென்று வெடிக்கும், அதனால் முதலில் மூடாமல் வறுத்துக்கொள்ளுங்கள். அந்த உப்பைச் சமையலுக்குப் போடாமல் இதற்கென்றே ஒரு டப்பாவில் எடுத்து வைத்தால் வருஷக்கணக்கில் வரும். கடற்கரை மணலை மட்டும் போடாதீர்கள், சூடேறினால் கிளிஞ்சல் வாடை வரும். உப்பின் மேல் ஒரு ஸ்டாண்ட், மூடி போட்டு மிதமான தீயில் பத்து நிமிஷம் காயட்டும். நெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு ஐந்தாறு குக்கீ அடுக்கி உள்ளே வைத்து, தீயை நன்றாகக் குறைத்து 15 முதல் 20 நிமிஷம்.

மேல்பக்கம் சிவக்காது. அதைப் பார்த்து இன்னும் வேகவில்லை என்று விட்டுவிட்டால் அடி கரிந்துவிடும். ஒன்றைத் திருப்பிப் பார்த்து அடி பொன்னிறமாக இருந்தால் எடுத்துவிடுங்கள். சூட்டில் மெதுவாகத்தான் இருக்கும், ஆறினால் இறுகும். ஒரு ஈடுக்கு ஆறுதான் வரும் என்பதால் ஒரு மத்தியானம் முழுக்க ஆகும். பிள்ளைகளைக் கூடவே உட்கார வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் கையில் அதைக் கொடுக்கும்போது சொல்வதற்கு அவர்களிடம் கதை இருக்கும்.

கேள்வி: அம்மா, எங்கள் ஊர்க் கருப்பட்டியில் குக்கீ செய்து மதுரையில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தேன். இரண்டு முறை செய்தும் மறுநாளே மெத்தென்று ஆகிவிட்டது. கருப்பட்டியில் மொறுமொறுப்பு வராதா?
— வாசகர், சாயல்குடி

பதில்: வரும் ஐயா. ஆனால் கருப்பட்டி வெள்ளைச் சர்க்கரையைவிட அதிகமாக ஈரத்தை இழுக்கும். பதநீர் இறக்குவது கோடையில். அப்போது காய்ச்சிய கருப்பட்டி மழைக்காலம் வருவதற்குள் வியர்த்துக் கசிய ஆரம்பிக்கும். அதனால்தானே நம் பெரியவர்கள் அடுப்புப் புகை படும் பரணில் வைத்தார்கள். டிசம்பரில் கருப்பட்டியை அப்படியே தட்டிப் போட்டால் அதிலிருக்கும் ஈரமும் மாவுக்குள் போய்விடும்.

பொடியாகச் சீவி, இளஞ்சூட்டில் வாணலியிலோ ஓவனிலோ வைத்து ஈரம் போக்கி, ஆறியதும் மிக்சியில் அடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். மண், தூசி இருந்தால் அதிலேயே நின்றுவிடும். 100 கிராம் இனிப்பில் பாதி கருப்பட்டி, பாதி சர்க்கரை போடுங்கள். 300 கிராம் மைதாவில் 60 கிராமை எடுத்துவிட்டு, வறுத்த பச்சரிசி மாவு அவ்வளவு சேருங்கள். மொறுமொறுப்பு அந்த அரிசி மாவால்தான் வரும். ஒரு தேக்கரண்டி சுக்குப்பொடி, நாலு ஏலக்காய், ஒரு கிராம்பு. கனத்தை மற்றதைவிடக் குறைத்து, மூன்று நிமிஷம் கூடுதலாகச் சுடுங்கள். கருப்பட்டி மாவு ஆரம்பத்திலிருந்தே பழுப்பாக இருப்பதால் நிறத்தை வைத்துப் பதம் தெரியாது. ஒன்றை எடுத்து ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள், 'டக்'கென்று உடைய வேண்டும்.

ஐரோப்பாவில் கிறிஸ்துமஸுக்கு இஞ்சி பிஸ்கட் சுடுவது பல நூற்றாண்டுப் பழக்கம். ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரம் இதற்குப் பேர் போனது. அவர்கள் தேனோ கரும்புப் பாகோ போட்டு, இஞ்சி, பட்டை, கிராம்பு எல்லாம் சேர்ப்பார்கள். அந்த வாசனைச் சாமானெல்லாம் கப்பல் ஏறிப் போனது நம் பக்கத்துக் கடல்களிலிருந்துதான். உங்கள் சுக்குக் கருப்பட்டி குக்கீயை மகள் வீட்டில் யாராவது வாயில் போட்டால் சுக்குக் காப்பி நினைவுதான் வரும். அதன்மேல் ஐசிங் வேண்டாம். சுடுவதற்கு முன் முள்கரண்டியால் பனையோலை வரி மாதிரிக் கீறிவிடுங்கள், அந்த அலங்காரமே அழகு.

கேள்வி: அக்கா, நோன்புப் பெருநாளுக்குத் தொதல் என்கிற எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் இனிப்போடு பிறை வடிவ குக்கீயும் வைத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க ஆசை. எசன்ஸ், மேலே தூவும் முத்து இதிலெல்லாம் எங்களுக்கு ஆகாதது எதுவும் இருக்குமா என்று உம்மா கேட்கிறார்கள்.
— வாசகி, கீழக்கரை

பதில்: உம்மா கேட்டது சரியான கேள்வி. வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்று விற்பது சாராயத்தில் ஊறவைத்து எடுப்பது. எசன்ஸில் கம்பெனிக்குக் கம்பெனி கரைப்பான் மாறும், லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும். அதைவிட, ஏலக்காயும் ஒரு சொட்டுப் பன்னீரும் போடுங்கள். பெருநாள் குக்கீக்கு அந்த மணம் பொருத்தமாக இருக்கும். தூவும் முத்திலும் மார்ஷ்மெல்லோவிலும் மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். 120 என்ற எண்ணுள்ள சிவப்பு, பூச்சியிலிருந்து எடுப்பது. பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் மிருகச் சேர்க்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பச்சைப் புள்ளி சாராயத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. சந்தேகமாக இருந்தால் முத்தே வேண்டாம். பிஸ்தாவைச் சீவித் தூவினால் அதைவிட அழகு.

இப்போது சில வருஷங்களாகப் பெருநாள் மார்ச், ஏப்ரலில் வருகிறது. அந்த வெயிலில் ஈரத்தைவிட வெண்ணெய் இளகுவதுதான் தொல்லை. மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து வேலை பாருங்கள். பிறைக்கு அச்சு தேவையில்லை. டம்ளரால் ஒரு வட்டம் வெட்டி, அதே டம்ளரைச் சற்றுத் தள்ளி வைத்து மறுபடி அழுத்தினால் பிறை வந்துவிடும். முனையை மட்டும் ரொம்பக் கூர்மையாக விடாதீர்கள், அங்கேதான் முதலில் கரியும், முதலில் உடையும்.

மறக்கக் கூடாதது ஒன்று. தொதலையும் குக்கீயையும் ஒரே டப்பாவில் வைக்கவே வைக்காதீர்கள். தொதலின் ஈரமும் தேங்காய் எண்ணெயும் குக்கீக்குள் ஏறி, ராத்திரிக்குள் நமத்துவிடும். தொதலைத் தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றி வேறு டப்பாவில் வைத்து, இரண்டையும் ஒரே பையில் கொடுங்கள். கீழக்கரைத் தொதல் இருக்கும்போது குக்கீ அதற்குப் பக்கத்தில் உட்காருகிற சின்னத் தங்கச்சி மாதிரிதான். அதை அடக்கமாகவே செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. ஐசிங்குக்கு வழி உண்டா?
— வாசகி, திருப்புல்லாணி

பதில்: மேலே சொன்ன பிஸ்கட்டிலேயே முட்டை இல்லை. ஐசிங்குக்கு, சுண்டலுக்கு ஊறப்போட்ட கொண்டைக்கடலையை உப்புப் போடாமல் வேகவைத்த தண்ணீரை எடுத்து, கெட்டியாகும்வரை வற்றவைத்து ஆறவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி, ஒரு முட்டை வெள்ளைக்குச் சமம். அடித்தால் நுரைத்துக்கொண்டு வரும், கடலை வாடையை எலுமிச்சை எடுத்துவிடும். அவ்வளவு மெனக்கெட முடியாவிட்டால் ஐசிங் சுகரில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகவிட்டுக் குழைத்துக் கோடு போடலாம். அவ்வளவு கெட்டியாகக் காயாது, அதனால் டப்பாவில் ஒற்றை அடுக்காக வையுங்கள்.

கேள்வி: ஆன்ட்டி, நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு நம் கடல் சம்பந்தமான வடிவங்களில் குக்கீ செய்து கொடுக்க எங்கள் குழு திட்டமிட்டிருக்கிறது. படகு, கடல்பசு, பாம்பன் பாலம் மூன்றும் வேண்டும். கட்டர் எங்கேயும் கிடைக்கவில்லை. கலருக்கும் யோசனை சொல்லுங்கள்.
— வாசகர், தொண்டி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், அவ்வளவு சந்தோஷம். கட்டரே வேண்டாம். ஐஸ்கிரீம் டப்பா மூடியில் படம் வரைந்து கத்தரித்து, சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். குளிர்ந்த மாவின் மேல் அதை வைத்துக் கத்தி முனையால் சுற்றி வெட்டுங்கள். ஒரு ஆள் தேய்க்க, ஒரு ஆள் வெட்ட, ஒரு ஆள் பிரிட்ஜுக்கும் மேசைக்கும் நடக்க என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

படகென்றால் நாட்டுப்படகையே வரையுங்கள். பாய்மரம் வேண்டாம், மெல்லிய கம்பு ஓவனிலிருந்து வரும்போதே ஒடிந்துவிடும். முன்பக்கம் மேலே வளைந்த நல்ல தடித்த உடல் போதும். கடல்பசுவை, நம் ஆட்கள் ஆவுளியா என்பார்கள், வரையும்போது கவனம். முதுகில் துடுப்பு கிடையாது. வால் மீனுடையது மாதிரி நெட்டுக்குத்தாக நிற்காமல், ஓங்கிலுக்கு (டால்பினுக்கு) இருப்பது போல அகலவாக்கில் படுத்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் அது தெரியாது, அதனால் மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்து, இரண்டு பக்கமும் துடுப்புக் கை, பின்னால் இரண்டாகப் பிரிந்த வால் என்று வையுங்கள். கண்ணுக்கு ஸ்ட்ராவால் குத்தினால் ஓட்டை சரியாக வரும். கொடுக்கும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: அது கடற்புல் மேய்கிற பிராணி, 2022-இல் தமிழ்நாடு அரசு உங்கள் கரைக்கு வடக்கே, புதுக்கோட்டை, தஞ்சாவூர் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்திருக்கிறது.

பாலத்தை அப்படியே வெட்டாதீர்கள், நீளமான மெல்லிய வடிவம் நடுவில் முறியும். செவ்வக பிஸ்கட்டின் மேல் ஐசிங் கோட்டால் பாலத்தை வரைந்துவிடுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலமென்றால் நடுவில் இரண்டு பக்கமாகத் தூக்குகிற கத்தரி மாதிரி, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமென்றால் அந்த நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிற மாதிரி. இரண்டையும் வரைந்து கொடுத்தால் பிள்ளைகளே வித்தியாசம் கண்டுபிடிக்கட்டும்.

கலரில் ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சந்தையில் பொட்டலத்தில் கட்டித் தரும் பேரில்லாத கலர்ப்பொடி வேண்டவே வேண்டாம். துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் பஞ்சு மிட்டாயில் கண்டுபிடிக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்கே தடை போட்டார்கள். அதே ரோஸ் நிறம்தான் குக்கீயிலும் விழும். லேபிளும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிற கலரை வாங்குங்கள். இல்லாவிட்டால் வேலியோரம் பூத்திருக்கும் சங்குப்பூவைப் பறியுங்கள். பத்துப் பதினைந்து பூவைக் காம்பு நீக்கி இரண்டு கரண்டி வெந்நீரில் ஊறவைத்தால் கடல் நீலம் இறங்கும். அந்தத் தண்ணீரில் ஐசிங் சுகரைக் குழைத்து, பாதியை அப்படியே வைத்துக்கொண்டு மீதிப் பாதியில் ஒரு சொட்டு எலுமிச்சை விடுங்கள், கண்முன்னே ஊதாவாக மாறும். நீலம் பட்டப்பகல் கடல், ஊதா அந்திக் கடல். மஞ்சளுக்கு மஞ்சள்தூள், ரோஸுக்கு பீட்ரூட் சாறு. இதெல்லாம் வெளிச்சத்தில் வெளிறும், அதனால் செய்த மறுநாளே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கணவர் குவைத்தில் இருக்கிறார். ஊருக்கு வந்தவர்கள் திரும்பும்போது கொடுத்து அனுப்ப வேண்டும். உடையாமல் போகுமா?
— வாசகி, பெரியபட்டினம்

பதில்: ஐசிங் இல்லாமல், வட்டமாகவோ சதுரமாகவோ செய்யுங்கள். முனை இருந்தால் உடையும். இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்துப் பட்டர் பேப்பரில் சுற்றி, டப்பாவில் படுக்கையாக இல்லாமல் நெட்டுக்குத்தாக நெருக்கி அடுக்குங்கள். இடைவெளியில் உப்பில்லாத பொரியை நிரப்பிக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வரக் கூடாது. செய்தித்தாளில் சுற்றாதீர்கள், வெண்ணெயில் மை ஊறும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டால் மூன்று வாரம்கூடத் தாங்கும். மேலே உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு வையுங்கள். சுட்ட தேதியையும் அதில் எழுதிவிடுங்கள், எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரியட்டும்.

கேள்வி: நாங்கள் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கொக்கிஸ் என்கிற அச்சுப் பலகாரம் சுட்டுப் பக்கத்து ஊர்த் தோழிகளுக்குக் கொடுப்பார். இப்போது எல்லாரும் ஐசிங் போட்ட குக்கீ டப்பா கொடுக்கிறார்கள். நாங்கள் கொக்கிஸ் கொண்டுபோனால் சின்னதாகத் தெரியுமோ என்று தங்கச்சி கூச்சப்படுகிறாள். என்ன செய்யலாம், அக்கா?
— வாசகி, மண்டபம்

பதில்: உங்கள் தங்கச்சியைப் பக்கத்தில் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டுங்கள். டச்சு மொழியில் சின்னக் கேக்கை 'கூக்யே' என்பார்கள். அந்தச் சொல் அமெரிக்காவுக்குப் போன டச்சுக்காரர்கள் வாய்வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'குக்கீ' ஆனது. அதே ஒல்லாந்தர்கள் 1658-இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். இலங்கையில் அதே சொல்தான் 'கொக்கிஸ்' ஆனது என்பார்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் அம்மா சுடுவதும் குக்கீதான். அது நம் பக்கம் வந்து சேர்ந்து, அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் பிடித்துக்கொண்டது. மைதாவும் வெண்ணெயும் கடையில் வாங்குகிறவை. கொக்கிஸுக்கு அரிசியை ஊறவைத்து இடிக்க வேண்டும், தேங்காய் துருவிப் பிழிய வேண்டும், எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வேண்டும். எதில் உழைப்பு அதிகம் என்று அவளே சொல்லட்டும்.

கொடுக்கும் விதத்தில் மட்டும் கொஞ்சம் மாற்றலாம். பாலித்தீன் பையில் குவித்துக் கொடுக்காமல், சின்ன ஓலைப்பெட்டியில் பட்டர் பேப்பர் விரித்து ஐந்தைந்தாக அடுக்குங்கள். நம் மாவட்டத்தில் ஓலைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. காற்று புகாமல் இருக்க, பெட்டிக்குள் வைக்குமுன் கவரில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். கொக்கிஸும் நமத்துப் போகும், அதனால் 24 அன்று காலையில் சுட்டு அன்றைக்கே கொடுங்கள். மாவு தோசை மாவைவிடத் தண்ணீராக, தேங்காய்ப்பாலிலேயே கரைத்ததாக இருக்கட்டும். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சூடேறிய பிறகு மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்கச் சொல்லுங்கள். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் அச்சைவிட்டுக் கழலாது. இதெல்லாம் உங்கள் அம்மாவுக்குத் தெரியும், தங்கச்சி கற்றுக்கொள்வதற்காக எழுதுகிறேன்.

1964 புயல் வரைக்கும் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. என் அம்மாச்சி கையிலிருந்த பித்தளை அச்சு அந்தக் கப்பலில் வந்ததுதான். இப்போது என் அடுப்படியில் தொங்குகிறது. எட்டு இதழ், நடுவில் சின்ன வட்டம், கைப்பிடிக் கம்பி மட்டும் மாற்றியது. உங்கள் அம்மாவின் அச்சில் எத்தனை இதழ் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.